மூன்றாவது வரி

கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு.
ஐப்பசி ஞாயிறு, மாலை நாலரை,
முக்கூடல், பீடித் தொழிலாளர் சங்கத்து மாடி.
வந்தவர் ஒன்பது பேர். லேப்டாப் ஆறு,
அதில் இரண்டு வயரைப் பிடுங்கினால் செத்துப்போகும்.
பொருள்: தை பிறந்ததும் தொடங்கும் இலவச வகுப்பில்
முதலில் எந்த மொழி.

"இருக்க மொழி பத்தாதாக்கும்?"
என்றான் டீ கொண்டுவந்த பையன்.
அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை.

பிரமநாயகம் சார், பாலிடெக்னிக்கில் முப்பது வருடம்,
சி தான் என்றார்.
அஸ்திவாரம், அஸ்திவாரம் என்று நாலு தடவை.
மெமரியைத் தொடாமல் புரோகிராம் படிப்பது
படித்துறையில் உட்கார்ந்து நீச்சல் படிப்பதாம்.

ஜெபக்கனிக்கு ஜாவாஸ்கிரிப்ட்.
"போன் இருந்தா போதும் சார்.
இந்தத் தெருவுல எத்தன வீட்ல கம்ப்யூட்டர் இருக்கு, சொல்லுங்க?"
சார் சொல்லவில்லை.

பலவேசம் ஸ்கிராட்ச்சைத் திறந்தான்.
கட்டங்களை இழுத்து ஒட்டினான், பூனை நடந்தது, சிரித்தோம்.
"நாலு பிள்ள பெத்துட்டு நான் பூன மேய்க்கணுமா?"
பின்வரிசையில் யாரோ.

நான்
தமிழ்ச் சொற்களிலேயே எழுதுகிற ஒன்று இருக்கிறது என்றேன்.
எனில், இல்லையேல், முடி.
எத்தனை பேர் அதில் எழுதுகிறார்கள் என்று கேட்டார்கள்.
கொஞ்சம் பேர் என்றேன்.
ஒருத்தி. அவள்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறாள்.

மைதீன் பாத்து அதுவரை வாய் திறக்கவில்லை.
மடியில் சுளவு,
கை அதுபாட்டுக்கு இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டிருந்தது.
"தப்பாப் போட்டா
அது என்ன சொல்லும்?"

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"கடையில கட்டைப் பிரிச்சுப் பாப்பாரு.
பிடிக்கலன்னா ஒடிச்சுக் கூடையில போடுவாரு.
தலை மடிச்சது சரியில்லையா, தூள் கொறச்சலா,
ஒண்ணும் சொல்ல மாட்டாரு.
இருவது வருசமா
எதுக்கு ஒடிச்சாருன்னு தெரியாமலே சுத்துதேன்."

ஆயிரம் பீடிக்குக் கூலி,
கழிவு போக மிச்சம்:
ஒரே கணக்கை ஒவ்வொன்றிலும் எழுதினோம்.
வேண்டுமென்றே ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டோம்.

சி பதினோரு வரி திட்டியது.
சார் முழுக்க வாசித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
ஜாவாஸ்கிரிப்ட்டில் வெள்ளைத் திரை.
"உள்ள கன்சோல்ல சொல்லியிருக்கும்க்கா."
"உள்ளுக்குள்ள சொல்லி என்னத்துக்கு?"
ஸ்கிராட்ச்சில் அந்தத் தப்பைச் செய்யவே முடியவில்லை.
பலவேசத்துக்கு அதில் பெருமை, பாத்துக்குச் சந்தேகம்.
என்னுடையது
பிழை என்றது. நல்ல தமிழில். அவ்வளவுதான்.

பைத்தான், மூன்றாவது வரி என்றது.
அந்த வரியையே எடுத்துக் காட்டி
சரியாக அந்த இடத்துக்குக் கீழே
ஒரு குட்டிக் கூம்பு வைத்தது.

பாத்து சுளவை இறக்கி வைத்துவிட்டு
திரைக்குப் பக்கத்தில் வந்து விரலால் தொட்டாள்.
"இங்கிலீசு எனக்கு வராது. எடம் தெரியுதுல்லா.
பேரு என்னன்னிய?"
"பைத்தான். மலைப்பாம்புன்னு அர்த்தம்."
"முழுங்குததுக்கு முந்தி சொல்லிட்டுத்தான முழுங்குது. இருக்கட்டும்."

தீர்மானம்: பைத்தான். ஆதரவு எட்டு.
பிரமநாயகம் சாரின் மறுப்பு, அவர் கேட்டபடி,
அஸ்திவாரம் என்ற சொல்லோடு பதியப்பட்டது.
முறுக்குக்கு நாற்பது ரூபாய், ஜெபக்கனி கொடுத்தது, பாக்கி.

குறிப்பு இங்கே முடிகிறது.

சேரன்மகாதேவி வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.
ராத்திரி என் மொழியைத் திறந்து
பிழை என்ற ஒற்றைச் சொல்லைத் தேடிப்பிடித்து
அதன் பக்கத்தில்
எத்தனையாவது வரி என்று சொல்ல
ஆறு வரி எழுதினேன்.
ஓட்டினேன்.

பிழை என்றது.